காற்று எங்கட, கணக்கு யாருடையது?

2025 சித்திரை வருசத்துக்கு நாங்கள் எல்லாரும் ஊருக்குப் போயிருந்தோம். எங்களில் ஒருவரின் வீட்டுக் கூரையில் சோலர் பூட்டியிருக்கிறார்கள். வங்கிக் கடன் எடுத்துப் பூட்டினது. விடுமுறை நாட்களில் பகலில் அதை நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டிருந்தது. தொழிற்சாலை, அலுவலகம் எல்லாம் பூட்டு, மின்சாரத்துக்குத் தேவை குறைவு, வெயிலோ கொளுத்துது, கூரைகளில் இருந்து வருகிற கரண்டை வலையமைப்பு தாங்காது. அதுதான் காரணம்.

அதுக்கு இரண்டு மாதம் முதல், பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முழு நாடும் இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் குரங்கு பாய்ந்தது என்று அமைச்சர் சொன்னார். உலகமே சிரித்தது. பிறகு மின்சார சபையின் விளக்கம் வந்தது: ஞாயிறு பகல், தேவை குறைவு, சோலர் அதிகம், அந்த நிலையில் வந்த ஒரு கோளாறை வலையமைப்பால் சமாளிக்க முடியவில்லை.

அந்த வீட்டு அப்பா எங்களைப் பார்த்துக் கேட்டார்: "மூண்டு வருசத்துக்கு முதல் கரண்ட் இல்லையெண்டு 13 மணித்தியாலம் வெட்டினாங்கள். இப்ப கரண்ட் கூடிப்போச்செண்டு நிப்பாட்டச் சொல்றாங்கள். கம்பஸில படிக்கிற பிள்ளையள், இதுக்கு என்ன சொல்லுறியள்?"

எங்களிட்ட பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்வியோடு ஒரு வருசமாக மல்லுக்கட்டியதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அரசாங்கம் உலகத்துக்குச் சொன்னதைப் பார்ப்போம். 2021 செப்டெம்பரில் பரிஸ் உடன்படிக்கையின் கீழ் இலங்கை தன் வாக்குறுதிகளைக் கையளித்தது. 2030 அளவில் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க சக்தி, புதிய நிலக்கரி மின்நிலையம் இல்லை, 2050 இல் காபன் நடுநிலை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அதே ஆவணத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2030 வரை பசுங்குடில் வாயுக்களை 14.5 சதவீதம் குறைப்போம் என்கிறார்கள். அதில் நாடு தானாகச் செய்வது 4 சதவீதம். மற்ற 10.5 சதவீதமும் வெளிநாட்டு உதவி வந்தால்தான். கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறவர், "பக்கத்து வீட்டுக்காரன் காசு தந்தால் மிச்சத்தைத் தாறன்" என்று சொல்வது போல.

நாங்கள் சுத்தமான சக்திக்கு எதிரானவர்கள் இல்லை. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இந்த நாட்டில் ஒரு திட்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்டாலே "வளர்ச்சிக்கு எதிரானவன்" என்று முத்திரை குத்துவார்கள். நுரைச்சோலையில் 900 மெகாவாற் நிலக்கரி எரிகிறது. அந்தச் சாம்பலும் தூசும் தங்கள் தோட்டங்களிலும் வீடுகளிலும் படிவதாக அந்த ஊர்ச் சனம் வருசக்கணக்காகச் சொல்லி வருகிறது. அது மூடப்பட வேண்டும். அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை.

"காலநிலை மாற்றம் வெள்ளைக்காரன்ர பிரச்சினை, எங்களுக்கு வேற வேலை இருக்கு" என்று சொல்லும் அண்ணாமாருக்கும் ஒரு வார்த்தை. ஒரு இலங்கையர் வருசத்துக்கு வெளியிடுவது ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டு, ஒரு அமெரிக்கர் வெளியிடுவது அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் என்பது உண்மைதான். நாங்கள் பற்றவைத்த நெருப்பு இல்லை இது. ஆனால் 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது வெள்ளம் யாருடைய அடையாள அட்டையையும் பார்க்கவில்லை. அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மலையகத்தில் மண் சரிந்து குடும்பம் குடும்பமாகப் புதைந்தார்கள். அதுக்குப் பிறகும் இது வேற ஆக்களின்ர பிரச்சினை என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஆகவே, காபனைக் குறைக்க வேணுமா என்பது எங்கட கேள்வி இல்லை. யாருடைய தோளில் வைத்துக் குறைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இதுக்கு மண்ணெண்ணெய்க் கதை நல்ல உதாரணம். 2022 ஓகஸ்ட் மாதம் ஒரே இரவில் ஒரு லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்குப் போனது. பொருளாதாரப் பாடப்புத்தகத்தின்படி இது சரியான காரியம். எரிபொருள் மானியத்தை நீக்கு, உண்மையான விலையை வை, பாவனை குறையும், புகையும் குறையும். அப்படித்தான் நடந்தது. பாவனை குறைந்தது. எப்படிக் குறைந்தது தெரியுமா? எஞ்சின் பூட்டின சின்னப் படகுகள் கடலுக்குப் போகாமல் கரையில் கிடந்தன. மயிலிட்டியில் இருந்து பேசாலை வரைக்கும் மண்ணெண்ணெயை நம்பித்தான் கரையோரத் தொழில் நடக்கிறது. அதுக்கு மாற்றாக ஒரு மின்சார எஞ்சினோ கடன் திட்டமோ கொண்டுவந்து வைத்துவிட்டு விலையை ஏற்றியிருந்தால் அதைக் கொள்கை என்று சொல்லலாம். மாற்று இல்லாமல் விலையை மட்டும் ஏற்றுவதுக்குப் பெயர் தண்டனை.

மின்சாரக் கட்டணமும் அப்படித்தான். 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதம் கூட்டினார்கள். 2023 பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதம். பில் கட்ட ஏலாமல் எத்தனையோ வீடுகளில் இணைப்பு வெட்டப்பட்டது. அந்த வீடுகளும் காபனைக் குறைத்திருக்கின்றன. யாராவது அவர்களுக்கு ஒரு சான்றிதழ் குடுக்க வேண்டாமா?

இந்த இடத்தில் எங்கட அப்பா அம்மாவின் கதையையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பெற்றோலுக்கும் டீசலுக்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் திரி போட்ட விளக்கில் படித்தார்கள். சைக்கிளில்தான் கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் போனார்கள். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டப் பழகினார்கள். உலகத்திலேயே மிகக் குறைந்த காபனில் வாழ்ந்த நகரங்களில் ஒன்றாக அது இருந்திருக்கும். அது யாரும் தேர்ந்தெடுத்த வாழ்க்கை இல்லை. இல்லாமையைப் பசுமை என்று சொல்லி விற்பவர்களிடம் இந்தத் தலைமுறையின் பிள்ளைகள் ஏமாறக் கூடாது.

இனி மன்னாருக்கு வருவோம்.

2020 டிசம்பரில் மன்னார் தீவின் தென்கரையில் 'தம்பபவனி' காற்றாலைப் பூங்கா திறக்கப்பட்டது. 30 காற்றாலைகள், 103.5 மெகாவாற். மின்சார சபையின் சொந்தத் திட்டம். பிறகு அதானி வந்தார். மன்னாரிலும் பூநகரியிலும் சேர்த்து 484 மெகாவாற். போட்டி விலைமனு இல்லாமல் வந்த திட்டம். 2022 ஜூனில் மின்சார சபையின் தலைவரே நாடாளுமன்றக் குழுவுக்கு முன்னால், இந்திய அழுத்தத்தில் இதைக் கொடுக்கச் சொன்னதாகக் கூறிவிட்டு, பிறகு அந்தக் கூற்றைத் திரும்பப் பெற்று, பதவியையும் விட்டார். 2024 இல் அமைச்சரவை ஒரு யூனிற்றுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்று 20 வருசத்துக்கு விலையைத் தீர்மானித்தது. சூழலியலாளர்கள் நீதிமன்றம் போனார்கள். மன்னார் என்பது மத்திய ஆசியாவில் இருந்து பறவைகள் வந்திறங்கும் வழி; வங்காலைச் சரணாலயம் ராம்சார் பட்டியலில் உள்ள ஈரநிலம். ஆட்சி மாறியது, விலையை மீளாய்வு செய்யப் போகிறோம் என்றார்கள், 2025 பெப்ரவரியில் அதானி விலகினார்.

அதுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். அதே மன்னாரில் போட்டி விலைமனு மூலம் வேறொரு 50 மெகாவாற் திட்டம் ஒரு யூனிற் 4.65 சதத்துக்கு முடிவானது. கிட்டத்தட்டப் பாதி விலை. அன்றைக்குக் கேள்வி கேட்டவர்களை "அபிவிருத்தியின் எதிரிகள்" என்று திட்டியவர்கள் இன்றைக்கு அவர்களுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

விலை குறைந்ததோடு எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. விலைமனு விலையைத்தான் திருத்தியது. ஊர்ச் சனத்தைக் கேட்கவில்லை. 2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்தி வைத்தார். அந்த ஒரு மாதத்தில் மக்களைச் சமாதானப்படுத்தினார்களா, அல்லது மக்கள் களைக்கும்வரை காத்திருந்தார்களா? செப்டெம்பர் கடைசியில் காற்றாலைப் பாகங்கள் பொலிஸ் காவலோடு வந்தன. மக்களுக்கும் பொலிசுக்கும் இடையில் முறுகல் வந்தது. பொலிஸ் காவலோடு வருகிற காற்றாலையில் இருந்து எடுக்கிற மின்சாரத்தைச் "சுத்தமான சக்தி" என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். "காத்தாடி வந்த பிறகு மழை வாறேல்லை" என்று சிலர் சொல்கிறார்கள். காற்றாலை மழையைத் துரத்தும் என்று நாங்கள் நம்பவில்லை. ஆனால் சனம் சொல்வது அது ஒன்றை மட்டும் இல்லை. காற்றாலைகளுக்குப் போட்ட வீதிகளும் மேடைகளும் மழைத்தண்ணி கடலுக்கு ஓடுகிற வழிகளை அடைத்ததால் ஊருக்குள் வெள்ளம் நிற்கிறது என்கிறார்கள். கரையில் தொழில் குறைந்தது என்கிறார்கள். இந்தத் தீவே தாழ்ந்த மணல்திட்டு, ஒரு பக்கம் கனிய மணலுக்குத் தோண்டப் பார்க்கிறார்கள், மறுபக்கம் இது என்கிறார்கள். கொழும்பில் இருந்து எழுதுபவர்கள் மழைக் கதையை மட்டும் எடுத்துச் சிரித்துவிட்டு, தண்ணி ஓடுகிற வழியைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுகிறார்கள். சனத்தின் ஒரு பிழையான விளக்கத்தைக் காட்டி பத்து நியாயமான முறைப்பாடுகளைத் தள்ளிவிடுவது பழைய வித்தை.

மன்னார் தனிக்கதையும் இல்லை. தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தோட்டக் குடும்பங்கள் இடம் மாறின. சென் கிளையர் நீர்வீழ்ச்சி மெலிந்தது. சம்பூரில் 2006 இல் சனத்தை விரட்டிய நிலத்தில் நிலக்கரி மின்நிலையம் கட்டப் பார்த்தார்கள். எதிர்ப்பின் பிறகு 2016 இல் கைவிட்டார்கள். 2025 ஏப்ரலில் அங்கே 120 மெகாவாற் சோலர் திட்டத்துக்கு இரண்டு நாட்டுத் தலைவர்களும் சேர்ந்து ஆரம்ப விழா நடத்தினார்கள். நிலக்கரி போய்ச் சூரியன் வந்தது பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. அதே மாவட்டத்தில், முத்துநகரில், அதே வருசம், சோலருக்காக வயலை இழந்த விவசாயிகள் வீதியில் இருந்தார்கள். சுண்ணாகத்தில் அனல் மின்நிலையத்தின் எண்ணெய் கிணறுகளுக்குள் போனது. உச்ச நீதிமன்றம் 2019 இல் இரண்டு கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. எத்தனை ஆயிரம் சனம் குடிக்கிற நிலத்தடித் தண்ணிக்கு அந்தத் தொகை! நீர், நிலக்கரி, எண்ணெய், காற்று, வெயில். எரிபொருள் மாறிக்கொண்டே வருது. சனத்தை நடத்துகிற விதம் மட்டும் மாறவில்லை.

சரி, போக்குவரத்து?

காபன் என்று சொன்னதும் எல்லாரும் காற்றாலையையும் சோலரையும்தான் நினைக்கிறார்கள். இந்த நாடு எரிக்கிற எண்ணெயில் பெரும்பங்கு வீதியில்தான் எரிகிறது. அதுக்கு என்ன கொள்கை? 2019 தொடக்கத்தில் வாகனங்களுக்குக் காபன் வரி கொண்டுவந்தார்கள். எஞ்சினின் கொள்ளளவையும் வாகனத்தின் வயதையும் வைத்து வரி. வாகனம் எத்தனை கிலோமீற்றர் ஓடுது என்பதைப் பற்றிக் கவலை இல்லை. அந்த வருசக் கடைசியில் ஆட்சி மாறியது, வரியும் போய்விட்டது. அந்தக் காசில் ஒரு பஸ்ஸாவது வாங்கினார்கள் என்று நாங்கள் கேள்விப்படவில்லை. கொழும்பு கோட்டைக்கும் மாலபேக்கும் இடையில் ஜப்பான் கடனில் மின்சார இலகு ரயில் வர இருந்தது. 2020 செப்டெம்பரில் அதையும் நிறுத்தினார்கள். 2008 இல் இருந்து வருசா வருசம் புகைப் பரிசோதனைக்குக் காசு கட்டிச் சான்றிதழ் எடுக்கிறோம். அந்தச் சான்றிதழோடு எங்களைக் கடந்து போகிற பஸ்ஸின் புகையில் முகம் கறுக்கிறது.

2025 பெப்ரவரியில் கார் இறக்குமதியைத் திறந்தார்கள். இப்ப ஊரெல்லாம் மின்சாரக் கார் பற்றித்தான் கதை. மின்சாரக் கார் கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். பகலில் சோலர் கூடிப்போச்சு என்று கூரைகளை நிறுத்தச் சொல்கிறார்கள். இரவில் நிலக்கரியும் எண்ணெயும் எரிகிறது. கார்க்காரர் வேலையால் வந்து இரவில்தான் சார்ஜ் போடுகிறார். அப்ப அந்தக் கார் எதில் ஓடுகிறது?

எங்களுக்குத் தெரிந்த போக்குவரத்துப் பிரச்சினை கார் இல்லை, பஸ். பின்னேர விரிவுரை முடிந்து வெளியே வந்தால் கிராமத்துக்குப் போகிற கடைசி பஸ் போயிருக்கும். அதனால்தான் வீட்டில் தங்கச் சங்கிலியை அடகு வைத்தாவது பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் குடுக்கிறார்கள். எங்கட வகுப்பில் பெடியளில் பாதிப்பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில்தான் வருகிறார்கள். பெட்டையளுக்கு ஸ்கூட்டி. ஆசையில் வாங்கினது கொஞ்சம்; வழியில்லாமல் வாங்கினதுதான் அதிகம். ஒரு இரவு பஸ் ஓடினால் எத்தனை மோட்டார் சைக்கிள் வீட்டில் நிற்கும் என்று கணக்குப் பார்க்க எந்த நிபுணர் குழுவும் தேவையில்லை. 1990 இல் நின்ற ரயில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வர 2014 ஒக்டோபர் வரைக்கும், இருபத்திநாலு வருசம் எடுத்தது. அதன் முதல் நாள் ஸ்டேசனில் கூடின கூட்டத்தைக் கண்டவர்களுக்குத் தெரியும், சனம் பொதுப் போக்குவரத்தை விரும்பாமல் இல்லை.

எங்கட பக்கத்தையும் பார்க்க வேண்டும். அரசாங்கத்தை மட்டும் திட்டிவிட்டுப் போனால் இது பாதிக் கட்டுரை.

தமிழ்க் கட்சிகளின் மேடைகளில் நிலம் பற்றிக் கதைக்காத நாள் இல்லை. ஆனால் அந்த நிலத்தில் வீசுகிற காற்றையும் விழுகிற வெயிலையும் பற்றி அவர்களிடம் ஒரு திட்டமும் இல்லை. 13வது திருத்தத்தின் மாகாணப் பட்டியலில், நீர்மின்சாரமும் தேசிய மின்வலையமைப்புக்கு ஊட்டுவதும் தவிர்ந்த மின்னுற்பத்தி இடங்களை வளர்த்து நிர்வகிப்பது மாகாணத்தின் கையில் இருக்கிறது. சின்ன அதிகாரம்தான். ஆனால் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் ஜெனரேட்டரில் ஓடின. அந்தச் சின்ன அதிகாரம் செய்துவைத்தது போலப் பொருந்துகிற இடங்கள். 2013 இல் இருந்து 2018 வரை எங்களுக்கு ஒரு மாகாண சபை இருந்தது. இந்த வழியைப் பற்றி யாரும் மேடையில் கதைத்து நாங்கள் கேட்டதில்லை. கடைசியில் என்ன நடந்தது? 2021 தொடக்கத்தில் அந்தத் தீவுகளின் சோலர்–காற்றுத் திட்டம் ஒரு சீனக் கம்பனிக்குப் போனது, டெல்லி கோபித்தது, சீனா ஒதுங்கியது, 2022 இல் இந்தியா தன் நன்கொடையில் செய்து தாறன் என்றது. பீஜிங்கும் டெல்லியும் எங்கட தீவின் கரண்டுக்குச் சண்டை பிடித்தபோது நாங்கள் பார்வையாளர் வரிசையில் இருந்தோம். ஊர் மணலை இரவில் ரிப்பரில் அள்ளி விற்பவர்கள் எங்கட ஆக்கள்தான் என்பதையும், அதைப் பற்றி மேடையில் வாய் திறக்காதவர்கள் மன்னாரில் வந்து படம் எடுத்தார்கள் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறோம்.

அப்ப எங்களுக்கு என்ன வேணும்?

ஒன்று, காற்றாலை வருகிற ஊருக்கு அதில் பங்கு வேணும். பாடசாலைக்கு வர்ணம் பூசித் தருகிற 'சமூகப் பொறுப்பு' எங்களுக்கு வேண்டாம். விற்கிற ஒவ்வொரு யூனிற்றிலும் ஒரு பகுதி ஊரின் நிதியத்துக்குப் போக வேண்டும், அது சட்டத்தில் இருக்க வேண்டும், கணக்கை ஊர் பார்க்க வேண்டும். இரண்டு, கூரைகளை நிறுத்தச் சொல்ல முதல் சேமிப்பைக் கட்ட வேண்டும். மஹா ஓயாவில் 600 மெகாவாற் நீரேற்றுச் சேமிப்புத் திட்டம் எத்தனை வருசமாகத் திட்ட அறிக்கையிலேயே கிடக்கிறது? மூன்று, காருக்கு முதல் பஸ். பகலில் மிஞ்சுகிற வெயிலில் டிப்போக்களில் மின்சார பஸ்களுக்குச் சார்ஜ் ஏற்றலாம். அந்த பஸ்கள் பின்னேரமும் இரவும் கிராமத்துக்கு ஓடட்டும். நான்கு, மானியத்தை எடுப்பதென்றால் மாற்றைக் கையில் தந்துவிட்டு எடுக்க வேண்டும். கடற்றொழிலாளியின் எஞ்சினில் கைவைக்க முதல் அமைச்சர்களின் வாகனத் தொடரில் இருந்து தொடங்கலாம்.

ஐந்தாவது எங்களுக்கானது. "ஆர்ட்ஸ் பீடத்துக்கு மெகாவாற் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பெரிய திட்டத்தின் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் இருக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்கள், வாயில் நுழையாத மொழி. 30 நாளும் முடிந்த பிறகுதான் ஊருக்கு விசயம் தெரிய வருகிறது. எங்களுக்கு வாசிக்கத் தெரியும். சனத்துக்கு விளங்குகிற தமிழில் எழுதத் தெரியும். சிங்களத்தில் எழுதக்கூடிய நண்பர்களும் இருக்கிறார்கள்; நுரைச்சோலைக்காரரும் பேசாலைக்காரரும் ஒரே முறைப்பாட்டை இரண்டு மொழியில் சொல்லிக்கொண்டிருப்பதை அவர்களுக்குக் காட்டவும் ஏலும். அடுத்த அறிக்கை வரும்போது அதைப் பிரித்து வாசித்து, சுருக்கி, அந்த ஊரின் கோயில் மண்டபத்திலும் மாதா கோவிலிலும் பள்ளிவாசலிலும் கொண்டுபோய் வாசிக்கப் போகிறோம். சேர விரும்புகிறவர்கள் வரலாம்.

அந்த அப்பாவுக்கு இப்ப எங்களிடம் ஒரு பதில் இருக்கிறது. பிரச்சினை கரண்ட் குறைஞ்சதும் இல்லை, கூடினதும் இல்லை, அங்கிள். எங்கே வைக்கிறது, எப்படிச் சேமிக்கிறது, யாருக்குக் குடுக்கிறது என்று முடிவெடுக்கிற மேசையில் நீங்களும் இல்லை, பேசாலைச் சனமும் இல்லை. அந்த மேசையில் இடம் கிடைக்கும்வரைக்கும் கதிரையோடு வந்து வாசலில் நிற்பம்.